பங்காளி என்று அடித்தது நான்தான்

ஏற்காட்டில் ஓர் அரசு ஆபீசில் மூன்று வருடம் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால், மற்ற ஆபீசுகளெல்லாம் ஒழுங்காக நடந்தன என்று யாராவது நம்பிவிடுவார்கள்.

தற்காலிகம் என்றால் வேலை தற்காலிகம் என்று பொருள் அல்ல. வேலை எப்போதும் இருக்கும், நாம்தான் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ஆர்டரை நீட்டிப்பார்கள். அந்த ஆர்டரையும் நானேதான் டைப் அடிக்க வேண்டும். "இவரது பணி திருப்திகரமாக உள்ளது" என்று என்னைப் பற்றி நானே அடித்து அதிகாரியின் மேஜையில் வைப்பேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். எதையுமே படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் அவருக்கு இருந்த தேர்ச்சி வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. பேனா தாளில் படும்போது கண் ஜன்னல் வழியாக ஏரியில் போகும் படகைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆபீசில் ஒரே ஒரு கழிப்பறை. அது எப்போதும் பூட்டியிருக்கும். சாவி அதிகாரியின் டிராயரில். பெண்கள் என்று நானும் கணக்குப் பிரிவில் ஓர் அம்மாவும் இருந்தோம். அவசரம் என்றால் அவர் அறைக்குள் போய், எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் எஸ்டேட் முதலாளிகளுக்கும் லாட்ஜ்காரர்களுக்கும் நடுவில் நின்று, "சார், சாவி" என்று கேட்க வேண்டும். எல்லாரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். அதிகாரி டிராயரைத் திறந்து, விபூதி கொடுப்பது போல ஒரு கையால் எடுத்துக் கொடுப்பார். நான் சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வருகிறவள். இந்தச் சாவி தரிசனத்துக்குப் பயந்து காலையில் டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

எனக்காவது கேட்டு வாங்க ஒரு சாவி இருந்தது. பஸ் வந்து நிற்கும் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் கூடை வைத்து விற்கும் பெண்களுக்கு அதுவும் கிடையாது. மாரமங்கலத்திலிருந்தும் நாகலூரிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ரவுண்டானாவுக்குக் கீழே ஒரு சில்வர் ஓக் மரம், அதன் அடியில் கொஞ்சம் சமதளம். அங்கே சாக்கை விரித்து, கொய்யாவோ பேரிக்காயோ ஆரஞ்சோ, அந்தந்த சீசனுக்கு உள்ளதைப் பரப்பி உட்கார்ந்தால் சாயங்கால பஸ்ஸுக்குத்தான் எழுந்திருப்பார்கள். முன்பெல்லாம் பின்னாலிருந்த காபித் தோட்டத்துக்குள் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். பிறகு அந்தத் தோட்டம் பிளாட் பிளாட்டாக விற்கப்பட்டது. கம்பி வேலி வந்தது, வேலிக்கு ஒரு வாட்ச்மேன் வந்தார், அவருக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். வேலிக்கு உள்ளே லாட்ஜ் மேல் லாட்ஜாக எழும்பியது. ஒவ்வொன்றின் வாசலிலும் "அட்டாச்டு பாத்ரூம் வசதி உண்டு" என்று ஆளுயர போர்டு. ஊர் முழுக்க பாத்ரூம் வந்துகொண்டே இருந்தது. ஊர்க்காரர்களுக்கு ஒதுங்கத்தான் இடமில்லை.

அந்தக் கூடைக்காரர்களில் மாரமங்கலத்து அக்கா ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரிடம் இரண்டு கொய்யா வாங்கிக்கொண்டு போவேன். நல்லதாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, "ஆபீசுல தூக்கம் வந்தாக் கடிச்சுக்க கண்ணு" என்பார். ஒரு நாள் முகம் செத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கக்கா, ஒடம்புக்கு என்னங்க?"

"ஆசுபத்திரிக்குப் போனேன் கண்ணு. கல்லு இருக்குதாமா. டாக்டரம்மா நல்லா ஏசிப்போட்டாங்க. ஒரு நாளைக்கு ஒரு கொடம் தண்ணி குடிக்கோணுமாமா. குடிச்சுப்போட்டு எங்க போறது? அந்த வாட்ச்மேன் பட்டப்பகல்ல விசில் ஊதறான். ரோட்டுல போறவன் அத்தன பேரும் திரும்பிப் பாக்கறான்."

"அதச் சொன்னீங்களா டாக்டரம்மாகிட்ட?"

"சொன்னனே. அப்படீன்னா யாவாரத்த உட்டுப்போட்டு ஊட்லயே கெடங்கறாங்க. காப்பி வித்த காசு அவுரு கைக்குப் போவுது கண்ணு, நான் கண்ணுல பாத்ததில்ல. இந்தக் கூடைக்காசு ஒண்ணுதான் என்ற காசு. அத உட்டா நான் ஒரு புளி வாங்கறதுக்கும் அவுரு மூஞ்சியப் பாக்கோணும்."

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கதவு, அதற்கு உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அது கிடைத்தால் தண்ணீர் குடிப்பார், வியாபாரமும் நடக்கும். கிடைக்காவிட்டால் வயிறா கூடையா, இரண்டில் ஒன்றை விட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் ஒன்று வந்தது. சுருக்கம் இதுதான். ஊர்கள் வேகமாக வளர்கின்றன, அரசாங்கத்தின் கையில் காசில்லை, ஆகவே பஸ் ஸ்டாண்டு, கழிப்பிடம், தண்ணீர் என்று எல்லாவற்றையும் தனியாரோடு கைகோத்துச் செய்க, பொதுமக்களையும் சேர்த்துக்கொள்க. கையில் காசில்லாததைச் சொல்ல மூன்று பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அதிகாரி இதற்காகச் சென்னைக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி பெற்று வந்தார். திரும்பி வந்தவர் வாயில் ஒரு புது உவமை இருந்தது. "இது ஒரு முக்காலி. அரசு ஒரு கால், தனியார் ஒரு கால், மக்கள் ஒரு கால்" என்று எல்லாரிடமும் சொன்னார். அந்த முக்காலி மேல் யார் உட்காரப் போகிறார்கள் என்று கணக்குப் பிரிவு அம்மா என் காதில் கேட்டார்.

உட்காரப் போகிறவர் தயாராகத்தான் இருந்தார். ஊரில் ஏற்கெனவே இரண்டு லாட்ஜ் வைத்திருந்த ஒருவர். சமவெளியிலிருந்து வந்தவர், வெள்ளை வேட்டி, யாரைப் பார்த்தாலும் கும்பிடு. அவர் சொந்தச் செலவில் ஒண்டிக்கடையில் பொதுக் கழிப்பிடம் கட்டிக் கொடுப்பார். பதிலுக்கு முப்பது வருடம் அவரே நடத்திக்கொள்வார். இடம் மட்டும் வேண்டும். சில்வர் ஓக் மரத்தடி.

இதைத் தமிழில் நோட்டீசாக அடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மேலிடத்துக் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் கட்டணம் வசூலிப்பது பற்றி ஒரு பத்தி இருந்தது. "அது வேண்டாம்மா. ஜனங்களுக்கு அவ்வளவு டீடெயில் எதுக்கு?" என்றார் அதிகாரி. விட்டுவிட்டேன்.

இப்போது என் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தமிழ் டைப்ரைட்டரில் 'ர' எழுத்து போன இடத்தில் ஒட்டிக்கொள்ளும். தனியாக ஒரு 'ர' வந்தால் விரலால் தட்டிவிட்டுச் சமாளிக்கலாம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் நகல் எடுக்கும் ஸ்டென்சில் தாளில் பொத்தல் விழும், பொத்தல் வழியாக மை கொட்டி நகல் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். "அரசும் தனியாரும் பொதுமக்களும் இத்திட்டத்தின்" என்பது வரை வந்துவிட்டேன். அடுத்த வார்த்தை பங்குதாரர்கள். இரண்டு முறை அடித்தேன், இரண்டு ஸ்டென்சில் கிழிந்தது. டப்பாவில் கடைசி ஸ்டென்சில். மணி ஐந்தாகப் போகிறது, என் சேலம் பஸ் போய்விடும். "பங்காளிகள்" என்று அடித்துவிட்டு எழுந்தேன். பங்குக்கு வருகிறவன் பங்காளி, இதிலென்ன தப்பு என்று தோன்றியது.

அதிகாரி ஏரியைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சீல் குத்தினோம். மறுநாள் ஒண்டிக்கடையிலும் நாகலூரிலும் மாரமங்கலத்திலும் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

நான் வளர்ந்தது சேலத்தில். எனக்குப் பங்காளி என்றால் கல்யாணப் பத்திரிகை வைக்க மறக்கக்கூடாத ஆட்கள், அவ்வளவுதான். மலை மேல் அந்த வார்த்தைக்கு எடை வேறு. பங்காளி என்றால் ஒரே பாட்டன் நிலம், ஒரே குலசாமி, ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் எல்லாருக்கும் தீட்டு. கிடா வெட்டினால் கறியில் கூறு உண்டு. வீடு கட்டினால் கூலி கேட்காமல் கல் சுமக்க வேண்டும். பங்காளி வீட்டு வாசலில் நுழைய யாரும் யாரையும் கேட்பதில்லை. இத்தனையையும் நான் ஒரு சீல் குத்தி, அரசாங்கத்தின் பெயரால் அறிவித்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நோட்டீஸ் ஒட்டிய வாரமே ஆபீசில் கூட்டம் போட்டார்கள். அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் லாட்ஜ்காரர். எதிரே தரையில் கூடைக்காரப் பெண்களும், இரு ஊர்களிலிருந்து வந்த சில விவசாயிகளும். மினிட்ஸ் எழுத நான் ஓரத்தில். முக்காலி உவமையைக் கேட்டுவிட்டு நாகலூர்க்காரர் ஒருவர், "அது நடக்குங்களா?" என்று கேட்டார். திட்டம் நடக்குமா என்று கேட்டாரா, முக்காலி நடக்குமா என்று கேட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. "கண்டிப்பா நடக்கும்" என்றார் அதிகாரி.

மரத்தடியை விட்டுத் தரச் சொன்னதும் பெண்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். மாரமங்கலத்து அக்காதான் எழுந்தார்.

"ஏனுங், இதுல நாங்களும் பங்காளின்னு போட்டிருக்குதுங்களே, நெசந்தானுங்களா?"

"நிஜம்தாம்மா. கவர்மெண்ட், சார், நீங்க. மூணு பேருமே பங்காளிங்க. சீல் போட்டுத்தானே குடுத்திருக்கோம்?"

அக்கா லாட்ஜ்காரரைப் பார்த்தார். "நீங்களும் அதயே சொல்லுங்க."

லாட்ஜ்காரர் எழுந்து கும்பிட்டார். கும்பிடுவதில் அவர் எப்போதும் தாராளம். "நாமெல்லாம் பங்காளிங்கதானுங்க. இதுல என்னங்க சந்தேகம்?"

"அப்பொ நாங்க வந்து போறதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லீங்களே?"

"உங்க எடத்துக்கு நீங்க வர்றதுக்கு யாரம்மா கேப்பாங்க?" என்றார் அதிகாரி.

எல்லாரும் கை தட்டினார்கள். "பொதுமக்கள் மனமுவந்து இசைவு தெரிவித்தனர்" என்று எழுதினேன். அந்த வாக்கியம் மட்டும் பொய்யில்லை. அவ்வளவு மனமுவந்து யாரும் எதையும் கொடுத்து அந்த ஆபீசில் நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே இரண்டு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மண் வெட்டினார்கள், கல் சுமந்தார்கள், மணல் அள்ளினார்கள். லாட்ஜ்காரரின் மேஸ்திரி கூலி எவ்வளவு என்று கேட்டபோது, "பங்காளி ஊட்டு வேலைக்குக் கூலி வாங்குவாங்களா?" என்று சிரித்திருக்கிறார்கள். இப்படி ஓர் ஊரைக் கண்டுபிடித்ததற்கு லாட்ஜ்காரர் தன் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்திருப்பார். மரத்தடியைக் காலி செய்துவிட்டு ரோட்டோரச் சாக்கடை மேல் உட்கார்ந்த பெண்கள் மேல் ஒரு மழைக்காலம் முழுக்க டூரிஸ்ட் வேன்கள் சேறடித்தன. "கட்டி முடியட்டும் கண்ணு" என்பார் அக்கா. அதுவரை தண்ணீரை நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் குடித்தார். கட்டடம் ஒரு வரிசை எழும்பும்போதெல்லாம் எனக்குக் காட்டுவார், தன் வீடு எழும்புகிற மாதிரி.

கட்டடம் முடிந்தபோது பார்த்தால் முன்பக்கம் மூன்று கடை. அதில் ஒன்று எஸ்.டி.டி. பூத். மாடியில் ஆறு ரூம், அட்டாச்டு பாத்ரூமோடு. பின்பக்கம் போய், படியில் இறங்கி, இடதுபக்கம் திரும்பினால், கழிப்பிடம். பிளானில் கழிப்பிடம்தான் கட்டடம், மற்றதெல்லாம் 'இணைப்பு வசதிகள்'. வாசலில் கல்வெட்டு வைத்தார்கள். முதல் கால் அரசு, இரண்டாவது கால் லாட்ஜ்காரர், அவருடைய தகப்பனார் நினைவாக. மூன்றாவது காலுக்குக் கல்லில் இடம் பத்தவில்லை.

திறந்து வைக்கப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். ரிப்பன் வெட்டினார். உலகத்தில் இதுபோல் ஒரு கூட்டு முயற்சி உண்டா என்று அரைமணி நேரம் பேசினார். இறங்கியதும் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி லாட்ஜ்காரரின் காதில் சொன்னார். மேல்தொட்டிக்கு இன்னும் தண்ணீர் ஏற்றவில்லை. பெரியவரைக் காரில் ஏற்றி லாட்ஜ்காரரின் சொந்த லாட்ஜுக்கு அவசரமாக அழைத்துக்கொண்டு போனார்கள். கழிப்பிடத்தைத் திறந்து வைக்க வந்தவருக்கே அன்று போக்கிடம் இல்லாமல் போனது.

மறுநாள் தண்ணீர் வந்தது. கூடவே வாசலில் ஒரு மேஜையும் வந்தது. அதற்குப் பின்னால் ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர், டிக்கெட் கட்டோடு. பழக்க தோஷத்தில் "உள்ள போ, உள்ள போ, சில்லறை எடுத்து வெச்சுக்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு, சொம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் ஆளாகப் போயிருக்கிறார்.

"காசு?"

"நான் பங்காளிங்க."

"பங்காளியோ மாமன் மச்சானோ, காசு வெச்சாத்தான் உள்ள."

அன்று காசு கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார், வேறு வழியில்லாமல். டாக்டரம்மா சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடித்தால் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை அந்த மேஜையைத் தாண்ட வேண்டும். நாலு நாள் பார்த்தார். கொய்யா விற்ற காசு கண்டக்டர் கைக்குப் போனது. ஐந்தாம் நாள் மறுபடியும் தண்ணீரை நிறுத்திவிட்டார். "குடிச்ச தண்ணிக்கு வரி கட்டற மொத ஆளு நாந்தான் கண்ணு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒண்டிக்கடையில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பெண்களும் நாலைந்து ஆண்களும் கட்டடத்தைக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கல் சுமந்த கைகள்தான், எந்தச் சுவர் எத்தனை அடி என்று மேஸ்திரியைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. லாட்ஜ்காரருக்கு ஆள் போய், அவர் மூச்சிரைக்க வந்து, வழக்கமான கும்பிடைக்கூட மறந்து, "என்ன நடக்குது இங்க?" என்று கத்தினார்.

"பாகம் பிரிக்கறமுங்க" என்றார் அக்கா.

"என்ன பாகம்?"

"பங்காளிக்குள்ள ஒத்து வரலீன்னா பாகம் பிரிச்சுக்கறதுதானுங்களே மொறை? நாங்க உங்களக் கொறை சொல்லலீங்க. கவர்மெண்டு மூத்தவிய. நீங்க நடுவுல. நாங்க எளையவிய. மூத்தவிய கூறு போட்டா எளையவிய மொதல்ல எடுக்கோணும். கவர்மெண்டுக்கு ஆளனுப்புனம், ஆபீசரு இன்னும் வல்லீங்க. அதுனால நாங்களே மூணு கூறு போட்டுட்டம். கடையும் ரூமும் நீங்களே ரெண்டு பேரும் வெச்சுக்குங்க. எங்களுக்கு நொம்ப வேண்டாமுங்க. பொம்பளைங்க போற பக்கம் மட்டும் எங்க பாகம்."

சொல்லிவிட்டு, பெண்கள் பக்கத்து வழியில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாகம். கண்டக்டர் மேஜையை நாலு பேர் மரியாதையாகத் தூக்கி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு சேர்த்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தார்கள். அவர் "ஸ்டேஜ் மாறிடுச்சா?" என்றார்.

நான் ஆபீசுக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். சென்னையில் இரண்டு நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுக்காததை இவர்கள் ஒரு கயிற்றை வைத்துச் செய்துவிட்டார்களே என்று பெருமையாகக்கூட இருந்தது. வார்த்தை என்னுடையது அல்லவா.

ஒரு வாரம் நடந்தது அந்தப் பாகம். பெண்கள் முறை வைத்துக் கழுவினார்கள். பினாயில் வாங்க ஆளுக்கு ஒரு கைப்பிடி மிளகு கொண்டுவந்து கடையில் கொடுத்தார்கள். அந்த ஊரில் அந்த ஒரு வாரம்தான் அந்தக் கழிப்பிடம் நாறாமல் இருந்தது. அக்கா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் வைத்திருந்தார். வாடிக்கைக்காரர்களிடம் பேசிக்கொண்டே குடிப்பார், எழுந்து போவார், வருவார், திரும்பக் குடிப்பார். வாரக் கடைசியில் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "வலி கொறஞ்சிருக்குது கண்ணு. டாக்டரம்மா பாத்தா அசந்துருவாங்க" என்றார்.

எட்டாம் நாள் லாட்ஜ்காரர் சேலத்திலிருந்து வக்கீலை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். வக்கீல் நோட்டீசைப் படித்தார். அந்த நோட்டீசை முதன்முதலாக முழுதாகப் படித்த படித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், சீல் போட்ட பேப்பர்ல பங்காளின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இதை எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா, கட்டடத்துல மூணுல ஒரு பங்கு கேப்பாங்க."

அதிகாரி அன்றுதான் அந்த நோட்டீசைப் படித்தார். ஏரியைப் பார்க்கவில்லை. "யாரு டைப் பண்ணது?" என்றார், ஆபீசில் நாற்பது டைப்பிஸ்ட் இருக்கிற மாதிரி.

என் ஆர்டர் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "டைப்பிங் மிஸ்டேக்தானேம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வக்கீலே வழியும் சொன்னார். "பெருசா ஒண்ணும் வேண்டாம். பங்காளிங்கறத பயனாளின்னு திருத்திப் படிக்கணும்னு ஒரு அறிவிப்பு. ரெண்டெழுத்துதான் வித்தியாசம்."

ரெண்டெழுத்துதான். 'ங்கா' இருந்த இடத்தில் 'யனா'. முதல் வார்த்தையில் பாட்டன் சொத்தில் உரிமை இருக்கிறது. இரண்டாவதில் வரிசையில் நின்று கும்பிடு போட வேண்டும். எனக்கு அது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே புரிந்தது. பிழை என்று எழுத மாட்டேன், கூட்டத்தில் நீங்களே வாயால் சொன்னீர்கள், மினிட்ஸ் என் கையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர். இந்தக் காரணத்தைப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். தலையாட்டுகிறவர்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

போய் உட்கார்ந்து அடித்தேன். "தட்டச்சுப் பிழையால் நேர்ந்த 'பங்காளிகள்' என்பதை 'பயனாளிகள்' எனத் திருத்தி வாசிக்கவும்." மெஷின் அன்று ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை.

மறுநாள் திருத்தத்தை ஒட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். கண்டக்டரின் மேஜை பழைய இடத்துக்குப் போனது. பெண்கள் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சீல் போட்டதை நம்பி வந்தவர்கள், சீல் போட்டது மாறியதும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

மத்தியானம் அக்கா ஆபீசுக்கு வந்தார். திருத்த நோட்டீசைக் கிழித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். "எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் கண்ணு. நீ ஒருக்கா படி."

படித்தேன்.

"பயனாளின்னா?"

"பயன் அடையறவங்கக்கா."

"என்ன அடஞ்சேன் நானு?"

நான் அந்தத் தாளின் கிழிந்த ஓரத்தை நீவிவிட்டேன்.

"இது நீ அடிச்சதா கண்ணு?"

"ஆமாங்கக்கா."

"அதுவும் நீ அடிச்சதுதான?"

"ஆமாங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. எடை போடுகிற பார்வை. "செரி சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு கொய்யா வாங்க அவரிடம் போகக் கூசி, நான் ரோட்டின் அந்தப் பக்கமாகவே ஆபீசுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

மாதக் கடைசியில் என் ஆர்டர் வந்தது. இந்த முறை மூன்று மாதம் இல்லை, ஒரு வருடம். 'பணி மிகவும் திருப்திகரமாக உள்ளது' என்று போடச் சொன்னார் அதிகாரி. 'மிகவும்' அவரே சொல்லிச் சேர்த்தது. அதே வாரம் லாட்ஜ்காரர் ஆபீசுக்கு ஒரு உபகாரம் செய்தார். எங்கள் ஆபீஸ் பெண்கள் இனி சாவி கேட்டுக் கஷ்டப்பட வேண்டாம், ஒண்டிக்கடைக் கழிப்பிடத்துக்கு எப்போது வேண்டுமானாலும் காசில்லாமல் போகலாம் என்று இரண்டு பாஸ் அச்சடித்துக் கொடுத்தனுப்பினார். கணக்குப் பிரிவு அம்மா தன்னுடையதை டிராயரில் போட்டு, கடைசி வரை எடுக்கவில்லை. நான் ஒரு மாதம் எடுக்கவில்லை. பிறகு மழைக்காலம் வந்தது, குளிர் வந்தது, அதிகாரியின் அறையில் எப்போதும் கூட்டமாக இருந்தது. பாஸை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தால் பாஸைக்கூடக் கேட்க மாட்டார். எழுந்து நின்று வழி விடுவார்.

ஒரு மத்தியானம் அப்படிப் போனபோது மேஜைக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் சில்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை இடுப்பில். கூடை பக்கத்தில், பாதிக்கு மேல் பழம் அப்படியே இருந்தது. கண்டக்டர் என்னைக் கண்டதும் எழுந்தார். "வாங்கம்மா, நீங்க போங்க."

நான் நின்றுவிட்டேன். என் கைப்பையில் காசு இருந்தது. எடுத்து அக்காவுக்காக மேஜையில் வைக்கலாம் என்று தோன்றியது. பையைத் திறந்தேன்.

அக்கா பார்த்துவிட்டார். உள்ளங்கையை மூடிக்கொண்டார். சில்லறையைத் திரும்ப முந்தானையில் முடிந்து, குனிந்து கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தூக்கும்போது வலியில் பல்லைக் கடித்தது தெரிந்தது. மாரமங்கலம் போகும் மத்தியான பஸ் ரவுண்டானாவில் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்து பஸ்ஸில் அவர் ஊர் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

"நீ போய்ட்டு வா சாமி" என்றார். "உனக்கு யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

மேலே ஏறிப் போய் பஸ்ஸில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒண்டிக்கடையில் அவரை நான் பார்க்கவில்லை. கூப்பிட்டிருக்கலாம், பின்னாலேயே ஓடியிருக்கலாம். கண்டக்டர் எழுந்து நின்றபடியே இருந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தேன், எனக்கும் அவசரம்தான். போனேன்.